மூன்றாவது குழியில் நிற்காத தண்ணீர்

என் தங்க நைனா,

நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால், "எனக்கு இன்னா கொறச்சல்" என்பாய். நம் மயிலாப்பூர் வீட்டைப் பற்றித்தான் உன்னிடம் சொல்லவேண்டும். கொட்டிவாக்கத்திலிருந்து வந்து பத்து நாளாக அம்மாவோடு இருக்கிறேன். பின்பக்கம், மதில் ஓரத்து உன் பாத்தியில் இந்த வருஷம் நான்தான் அவரை நட்டேன்.

உன் முறைப்படிதான், நைனா. கோயிலில் சுண்டல் வாங்கின தொன்னைகளைக் கழுவி, மண் நிரப்பி, விதை போட்டு வைத்திருந்தாள் அம்மா. மூன்றாவது இலை விட்டதும் தொன்னையோடு குழியில் இறக்கினேன். வேரில் கை பட்டால் அவரைக்குக் கோபம் வரும் என்பாயே! நடுவதற்கு முன் குழியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மெதுவாக இறங்குகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பாய் இல்லையா, அதையும் செய்தேன்.

முதல் இரண்டு குழிகளிலும் தண்ணீர் நின்று இறங்கியது. மதிலை ஒட்டின மூன்றாவதில் ஊற்றின தண்ணீர் ஒரே மடக்கில் காணாமல் போனது. இன்னொரு சொம்பு ஊற்றினேன். அதுவும் போனது.

"பெருச்சாளி வளைடி. செங்கல் துண்டைப் போட்டு அடை," என்றாள் அம்மா. நானும் அடைத்துவிட்டு நட்டேன். என் புத்தி எங்கே போயிற்று? நம் வீட்டில் எது பெயர்ந்தாலும் பெருச்சாளி மேல்தானே பழி போடுவோம்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டை இடித்துவிட்டார்கள், நைனா. கார் நிறுத்த, நிலத்துக்கு அடியில் தளம் கட்டுகிறார்களாம். நம் வீடு முழுகுகிற ஆழத்துக்குப் பள்ளம். ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருவில் இறைக்கிறார்கள். முதலில் தெளிவாக வந்தது, இந்த வாரம் மண் கலங்கி வருகிறது. அது யார் வீட்டு மண்?

நட்ட நாலாம் நாள் மூன்றாவது செடி ஒரு சாண் கீழே போயிருந்தது. வாடவில்லை. இலை பச்சைப்பசேல் என்று, நின்ற வாக்கில் இறங்கியிருந்தது. அதற்கு நேர் உள்ளே, வீட்டுச் சுவரை ஒட்டித்தான் அம்மாவின் கட்டில்.

கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். தரையிலிருந்து ஜன்னல் வரை விரிசல். அது இன்னும் விரிகிறதா என்று பார்க்க, அதன்மேல் ஒரு காலண்டர் தாளை ஒட்டி வைத்தேன். இன்று காலையில் தாள் நடுவில் கிழிந்திருந்தது. பள்ளத்தில் வேலை பார்க்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பழைய வூடுன்னா அப்படித்தாம்மா கீறும். பூசிக்கலாம், பயப்படாத," என்றார். சொன்ன மனுஷன் அறைக்குள் கால் வைக்கவில்லை.

கிளம்பலாம் என்றதற்கு அம்மா கத்தினாள். "பெருச்சாளிக்குப் பயந்துக்கினு வூட்டைக் காலி பண்றதா? உங்க நைனா கண்ணை மூடின வூடுடி இது!" நான் அவளைப் பாத்திக்குக் கூட்டிப்போய், அவள் கண் முன்னால் மூன்றாவது குழியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். உன்னோடு நாற்பது வருஷம் குழி பார்த்தவள் ஆயிற்றே. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி எங்கடி போவுது?" என்றாள். அப்புறம், "இன்னிக்கி வெள்ளிக்கிழமை, வூட்டை வுட்டுக் கெளம்பக் கூடாது. நாளைக்கி விடிஞ்சதும் போலாம்," என்றாள். சம்மதித்தாளே, அதுவே பெரிசு என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்போது சாயங்காலம் மணி நாலு. அம்மா அதே கட்டிலில் தூங்குகிறாள், வேறு இடத்தில் தூக்கம் வராதாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானம் விரிசல்மேல் புதுத்தாள் ஒட்டியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அதுவும் கிழிந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது, நைனா. நாளை வரை வேண்டாம், இப்போதே எழுப்புகிறேன். திட்டட்டும், அழட்டும், வெள்ளிக்கிழமைப் பாவம் என் தலையில் விடியட்டும். உன் போர்வை, உன் போட்டோ, அவள் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் சேர்த்து, வேரில் கை படாமல் அவளைக் கொட்டிவாக்கத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறேன். இது சத்தியம். செடிகள் இங்கேயே கிடக்கட்டும்.

அவள் வாசற்படி தாண்டுகிற வரைக்கும் மட்டும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொள்.

உன் மூத்த பெண்,
பத்மா