மாமாவின் சிப்பிகள்

அன்புள்ள சுண்டுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாமா மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், எனக்கும் வாயால் சொல்வதைவிட எழுதுவது சுலபம், உனக்குத் தெரியாததா.

போன மாதப் பெருமழையில் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. சாக்கடைத் தண்ணீரின் அழுக்கைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அப்படியே அடித்துக்கொண்டு போய்விட்டன, அவை மறுபடி பெருக நாளாகும். மழை நின்று ஆறு மெலிந்த பிறகும் நிலையத்துக் குழாயிலிருந்து ஆற்றுக்குக் கலங்கல்தான் போனது. அப்படி ஒரு ராத்திரி ஷிப்டில் அப்பா இருந்தார். கீழே கழிமுகத்தில் மாமா சிப்பி வளர்ப்பதை நினைத்திருக்கிறார், அதைத் தின்று யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் மச்சான் பெயர் கெடுமே என்று குளோரினைத் தாராளமாகத் திறந்துவிட்டார். குளோரினை முறிக்கும் மருந்து தீர்ந்து போயிருந்தது. மறுநாள் காலை ஆய்வகத்தில் குளோரின் அளவு பார்க்கும் என் சோதனைக் குழாயில் லேசான ரோஜா நிறம் வரவேண்டிய தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன், அப்பா உடனே குறைத்தார். மேலதிகாரி, “கிருமி இல்லைல்ல, நிம்மதியா இரும்மா” என்றார். கிருமி மட்டுமா செத்தது.

அந்த வாரமே மாமா ஒரு வாளி நிறைய வாய் பிளந்த சிப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “நம்ம வீட்லயே நீதான் காலேஜ் வாசப்படி மிதிச்சவ, என்ன நோவுன்னு பாத்துச் சொல்லுக்கா” என்று பின்வாசலில் வைத்துவிட்டு, அப்பாவிடம், “மாமா, உங்களுக்கு மூக்கு செத்துப்போச்சு, இந்த நாத்தம் உங்களுக்கு வாசனையாத்தான் இருக்கும்” என்று கேலி செய்தான். அப்பா சிரிக்கவில்லை. தட்டில் கை வைத்தபடியே இருந்தார். அவருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து மாமா நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சுண்டு, என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவன் போன பிறகு அப்பா, “மழைல போச்சுன்னு சொல்லிடேன்” என்றார். நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் மாமா தப்பு தன்மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டான், ஆழமில்லாத இடத்தில் சிப்பிக் கயிறு கட்டியதால் வெயில் தாக்கிவிட்டதாம். அதனால் கயிறு தொங்கவிடும் மரச்சட்டங்களைப் பிரித்து ஆற்றின் மேல்பக்கம், ஆழமான இடத்துக்கு மாற்றுகிறான். அந்த இடம் எங்கள் குழாய் விழும் வாய்க்கு நேர் எதிரே. புதுச் சிப்பிக் குஞ்சுகளும் வந்துவிட்டன, நாளைக்குக் கட்டுகிறான். முறிக்கும் மருந்து இன்னும் வந்தபாடில்லை, வானம் வேறு மூடிக்கொண்டிருக்கிறது, மழை கொட்டினால் மறுபடி குளோரின்தான்.

அதனால் காலையில் ஆற்றங்கரைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். இதை அப்பாவிடம் சொன்னபோது எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, “நானும் வரேன், ஆனா நீயே சொல்லு” என்றார். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை எனக்கு. என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை. இதைக் கேட்ட பிறகு மாமா நம் வீட்டுப்படி ஏறுவானா என்பதும் தெரியவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் சொல்லி முடிந்திருக்கும். மாமா உன்னைக் கூப்பிட்டு அப்பாவைத் திட்டினால் குறுக்கே பேசாதே, கேட்டுக்கொள். அவன் கூப்பிடவே இல்லையென்றால் நீ கூப்பிடு. அப்பாவிடம் வேலையைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், சாப்பிட்டாரா என்று மட்டும் கேள். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், யாரிடமும் எதையும் மறைக்க வேண்டிய நிலை உனக்கு வரவே கூடாது.

அந்த வாளியை நான் இன்னும் கொட்டவில்லை. நாளைக்குக் கையோடு எடுத்துப் போகிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா