சீமாட்டி சினையா?

2000 மே 14, ஞாயிறு

கோத்தகிரியில் கறிக்கடை வைத்திருக்கும் ஆறுமுகசாமி தன் ஆண் பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தார். சீமாட்டியோடு சேர்த்துவிட்டாயிற்று. சீமாட்டி எங்கள் பன்றி. ஓட்டல் மிச்சமெல்லாம் அவளுக்கு, ரேஷன் அரிசி எங்களுக்கு. அதனால் மகள் பிரியா வைத்த பெயர்.

ஜூன் 5

சினை பிடிக்காவிட்டால் மூன்று வாரத்தில் திரும்பப் பருவத்துக்கு வரும், தீனி எடுக்காது, கத்தும் என்று ஆறுமுகசாமி சொல்லியிருந்தார். இவள் தீனியைத் தின்றுவிட்டு வாளியையும் நக்குகிறாள். சத்தமே இல்லை. பிடித்துவிட்டதா? வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஜூன் 19

டீ பேக்டரியில் இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கொழுந்து எடுப்பார்களாம். எடுக்காத நாளில் பறித்ததை என்ன செய்வது, தலையில் சூடிக்கொள்வதா? சிலோனிலிருந்து எங்களைக் கப்பலேற்றிக்கொண்டு வந்ததே இந்த இலையைப் பறிக்கத்தான்.

மாலை சாக்கோடு வந்தேன். தலைச்சுமையை இறக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் தரகு வேலையில் திரிகிறார், பிரியா பள்ளியிலிருந்து வந்திருக்க மாட்டாள். சீமாட்டிதான். குனிந்து சாக்கை அவள் முதுகுக்குச் சரித்து, மூச்சு வாங்கி, பிறகு தரையில் இறக்குவேன். குட்டியிலிருந்தே பழக்கியது. அதுவரை அசைய மாட்டாள். இவர் பார்த்துவிட்டார்.

"பன்னி முதுகுல வச்ச கொழுந்தையா புள்ள ஊரு குடிக்குது?"

"இந்த வெலைக்கு அது போதும்" என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "குட்டி போட்டா பிரியா பிளஸ் டூ முடிக்கட்டும். இல்லாட்டி அவளக் கூட்டிக்கிட்டு நான் திருப்பூரு போறேன். பனியன் கம்பெனில ரெண்டு பேருக்கும் வேலை இருக்குன்னு சொல்றாங்க."

பிரியாவின் படிப்பு ஒரு பன்றி வயிற்றில் இருக்கிறது. எழுதவே கேவலமாக இருக்கிறது.

ஜூலை 9

வயிறு பெரிதானதா, ஓட்டல் சோற்றில் கொழுத்ததா? காம்பு தடித்த மாதிரி எனக்குத் தெரிகிறது. இவருக்குத் தெரியவில்லையாம்.

ஜூலை 16, ஞாயிறு

இவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஆறுமுகசாமியையே கூட்டிவந்தார். அவர் சீமாட்டியின் பின்னால் போய் இரண்டு கையாலும் முதுகை அழுத்தினார்.

"பாத்துக்கங்க. சினையா இருந்தா அமுக்குனதும் ஓடுமுங்க. பருவத்துல இருக்கறதுதான் இப்பிடி நிக்கும்."

சீமாட்டி கல் மாதிரி நின்றாள். நானும் பார்த்தேன். இன்னொரு முறை அழுத்தினார். நின்றாள்.

"வெறும் வயிறுங்க. தீனி போட்டதுதான் மிச்சம்."

கறி விலைக்கு அவரே கேட்டார். இவர் சரி என்றார். கண்ணால் பார்த்ததற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஜூலை 17

சீமாட்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். காசை இவர் திருப்பூரில் ரூம் பிடிக்கக் கொடுத்தனுப்பிவிட்டார்.

ஜூலை 18

ஐயோ.

சாக்கோடு வந்தேன். பழக்கத்தில் வாசலில் குனிந்து சரித்தேன். கீழே ஒன்றும் இல்லை. கொழுந்து மண்ணில் கொட்டியது. அப்போதுதான் உறைத்தது. முதுகில் எதை வைத்தாலும் அவள் நிற்பாளே! நிற்கப் பழக்கியதே நான்தானே! என் சாக்கென்று நினைத்து நின்றிருக்கிறாள். பருவமாம், மண்ணாங்கட்டியாம்.

கொட்டியதை அள்ளக்கூட இல்லை. ஆறுமுகசாமி வீட்டுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை அறுப்பதாக இருந்தாராம். எல்லாவற்றையும் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்பிடீங்களா? செரி, அப்ப அறுக்கல. வெச்சுப் பாக்கலாமுங்க."

திருப்பிக் கொடுங்கள், காசை எப்படியாவது புரட்டித் தருகிறேன் என்றேன்.

"வித்தது வித்ததுதானுங்க அம்மணி."

வீட்டில் இவர் சொன்னார்: "உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. ரூமு புடிச்சாச்சு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவள் கறியாகியிருப்பாள். வாயைத் திறந்ததால் ஆறுமுகசாமியின் பன்றி ஆனாள். இனி இந்த நோட்டில் அவனுக்கு மரியாதை கிடையாது.

ஜூலை 22

இருவரும் போய்விட்டார்கள். பஸ் ஏறும்போது பிரியா சொன்னது: "யூனிபார்ம யாருக்கும் குடுத்துறாதம்மா."

ஆகஸ்ட் 13

கறிக்கடையில் விசாரித்தேன். "நல்லாத் திங்குதுங்க" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6

அவன் மனைவி பாலாமணி காலையிலேயே வந்து நின்றாள். சீமாட்டி குட்டி போட்டுவிட்டாளாம். கிட்டே யாரையும் விடாமல் கடிக்க வருகிறாளாம். குட்டி ஒன்று சுவரோரம் மாட்டிக்கொண்டு கத்துகிறதாம். "நீங்க வந்தா நிக்குமுங்க அக்கா" என்றாள். கேட்க எப்படித்தான் வாய் வந்ததோ.

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். குட்டி என்ன பாவம் செய்தது? வெறும் சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். சீமாட்டி உறுமியபடி திரும்பினாள். சாக்கை முதுகில் போட்டேன். நின்றாள். பாலாமணி குட்டியை எடுத்துத் தாயிடம் விட்டாள். வைக்கோல் முழுக்கக் குட்டிகள். ஆறுமுகசாமி டீ கொண்டுவந்து நீட்டினான். எங்கள் மலைக் கொழுந்தாகத்தான் இருக்கும். வாங்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

கடை போனுக்குப் பிரியா கூப்பிட்டாள். துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலையாம், விரல் கொப்பளித்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, சீமாட்டி என்னாச்சு? குட்டி போட்டுச்சா?"

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"இல்ல கண்ணு. வெறும் வயிறுதான். அப்பவே அறுத்துட்டாங்க."

"அப்ப அப்பா சொன்னது சரிதான்" என்றாள். "வச்சிறவாம்மா, வெளிய ஆளு நிக்குது."

வீட்டுக்கு வந்து யூனிபார்மைத் துவைத்துக் காயப்போட்டேன்.