ரூபனின் மாலுமி

ஞாயிறு, இரவு

உடம்பெல்லாம் களைப்பு. ஆனாலும் படுக்க மனம் வரவில்லை.

தன் அப்பா இறந்து, முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கும் முடிந்து, ரூபன் இன்றைக்குத்தான் திரும்ப விளையாட வந்தான். பின்னேரம் என் வீட்டு மேசையில் நாலு பேர். ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போவோம். கதையை நடத்துவது நான். பிழைப்பதா சாவதா என்று தாயக்கட்டை சொல்லும்.

ரூபனுடைய ஆள் ஒரு கிழட்டு மாலுமி. புயலில் கடலுக்குள் விழுந்துவிட்டான். ரூபன் கட்டையை உருட்ட, ஒன்று விழுந்தது. விதிப் புத்தகத்தின்படி அது சாவு.

"ஒரு பலகை கையில தட்டுப்பட்டிட்டுது. தப்பிட்டான்" என்றேன்.

எங்களோடு விளையாடும் பாரிஸ் விடவில்லை. "என்ட ஆள் சாகேக்க விதி விதிதான் எண்டு சொன்னனீங்களே அக்கா?"

"நடத்துறவள் மாத்தலாம் எண்டும் புத்தகத்தில இருக்கு." ரூபனின் நிலைமை இவனுக்கு விளங்காதா என்று எனக்குக் கோபம் வந்தது.

"மாத்தாதேங்கோ அக்கா" என்றான் ரூபன். "ஆஸ்பத்திரியிலயும் அப்பா தப்பிடுவார் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. அதை நம்பி நான் அவரோட ஒழுங்காக் கதைக்கவும் இல்லை."

"சரி. மூழ்கிட்டான்" என்றேன்.

மிச்சத்தை ரூபனே சொன்னான். அலைக்குள் கிடந்தபடி மாலுமி தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடைபெற்றான். வெகுநேரம் கதைத்தான். மூழ்குகிறவனுக்கு ஒரு வார்த்தைக்கு மேல் விதி இடம் கொடுக்காது. நான் நிறுத்தவில்லை.

பாரிஸும் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.