வலது சிறகில் பத்து இறகு

13-3-94, ஞாயிறு. காலை 6.40. கோழி 14 (பெட்டை 12, சேவல் 2). வானம் வெளுப்பு. மழைக்கு வழியில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கபாய் மாமி மதிலுக்கு அப்புறமிருந்து கத்தல்: "எலே சதீசு, ஒனக்க கோழிக்குக் கிண்ட எனக்க நல்லமிளகு காயப்போட்ட பாய்தான் கெடச்சுதா? இனி வந்தா கழுத்தத் திருகிக் கறி வச்சிருவேன். ஒனக்க அம்மையும் கொடம் தூக்கிட்டு இஞ்ச வரண்டாம், கேட்டியா?"

எங்கள் கிணறு வறண்டு மூன்று வாரம். குடிக்க, சமைக்க எல்லாம் மாமி கிணறுதான். அம்மாவுக்குப் பயம்.

தீர்வு: எல்லாக் கோழிக்கும் வலது சிறகில் மட்டும் பத்து நீள இறகு கத்தரிப்பு. சமநிலை போனால் மதில் தாண்டாது. 14 கோழி, 50 நிமிடம்.

அம்மா: "மனுசனுக்கு ஒத்தக் கைய கெட்டி விட்டா எப்பிடி மக்கா இருக்கும்?"

"பேசாம புடி அம்மை."

சோதனை: சேவலை மதில் மேல் வைத்துத் தள்ளினேன். பக்கவாட்டில் சரிந்து எங்கள் பக்கமே விழுந்தது. வெற்றி.

14-3. மதில் தாண்டியது: பூஜ்யம். மாமி அம்மாவிடம், "பய ஐ.டி.ஐ. படிச்சதுக்குப் பலன் உண்டு." ஒர்க்‌ஷாப்பில் லேத் பெல்ட் அறுந்தது. பஸ் அரை மணி தாமதம்.

15-3, செவ்வாய். மாலை எண்ணிக்கை 13. புள்ளிக்கோழி இல்லை. மாமி அடுக்களையில் கோழிக்கறி மணம். நேரே போய்க் கேட்டேன்.

"மருமவன் பிள்ளையப் பாக்க வந்திருக்கான். சந்தையில வாங்கின கோழியாக்கும்."

"சொன்னதச் செய்துட்டியளே மாமி. திருட்டுக் கறி ருசியா?"

மருமகன் சோற்றில் கை வைத்தபடி பார்த்தான்.

16-3. அம்மா தண்ணீர் கோரப் போனாள். மாமி தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா: "கெணத்து வெள்ளத்துக்கு ஒரு மணம் உண்டு." கோடையில் அப்படித்தான் என்றேன். இரண்டு டம்ளர் குடித்துக் காட்டினேன்.

17-3, வியாழன். காலை 6.15.

மாமி கூப்பிட்டாள். கோபம் இல்லாத குரல். "மக்கா, இஞ்ச வந்து பாரு."

கிணற்றில் புள்ளிக்கோழி. அடியில் கிடந்தது ஊதி மேலே வந்திருக்கிறது. வலது சிறகு விரிந்து, நேர்கோடாக வெட்டிய பத்து இறகு. என் கத்தரி.

அம்மா அப்போதுதான் சொல்கிறாள்: குடம் எடுத்தால் அது பின்னாலேயே வரும், தண்ணீருக்குப் போகத் திறக்கும் மதில் கதவு வழியே. கிணற்றுச் சுவரில் ஏறிச் சிந்தின தண்ணீர் குடிக்கும். முன்பெல்லாம் கால் வழுக்கினாலும் பறந்து தப்பியிருக்கும்.

இரண்டு நாளாக இரு வீடும் குடித்த தண்ணீர். மாமி மகளின் முப்பது நாள் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் அதில்.

மாமி கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா மக்கா?"

எனக்குத் தெரியாது.

இப்போது 7.10. செய்ய வேண்டியவை:

1. பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்ட ஆட்டோ பிடித்து வர. இப்போதே.
2. கூடை இறக்கிக் கோழியை எடுக்க. தூரத்தில் புதைக்க.
3. ஒர்க்‌ஷாப் பம்பு கேட்டுக் கிணற்றை முழுக்க இறைக்க. மார்ச்சில் திரும்ப ஊறுமா? தெரியாது.
4. பிளீச்சிங் பவுடர். அளவு சுகாதார ஆபீசில் கேட்க. ஊகிக்கக் கூடாது.
5. ஊறும்வரை இரு வீட்டுக்கும் ஜங்ஷன் குழாய்த் தண்ணீர். சைக்கிளில், நான்.
6. மருமகன் முன்னால் வைத்துச் சொன்னதை, அவன் முன்னாலேயே தப்பு என்று மாமியிடம் சொல்ல. ஒன்பது மணி பஸ்ஸில் அவன் ஊருக்குப் போகிறான். ஆட்டோவுக்குப் போகும் முன் இது.