பையன்கள் அலமாரியில் இருந்த ஷூ

வெள்ளி, இரவு.

காவலர் தேர்வில் நானூறு மீட்டர் ஓட வேண்டும். பழைய ஷூ கனம். கடைசி வளைவில் காலைப் பின்னுக்கு இழுக்கிறது. புதுசு வாங்கப் போனால், கடைக்கார அண்ணாச்சி அடி தடித்த ரோஸ் கலர் ஷூவையே நீட்டினார்.

"லேசா, அடி தட்டையா வேணும் அண்ணாச்சி."

"பொம்பளப் பிள்ள நடக்கதுக்கு இது போதும்ளா."

"நடக்கதுக்கா கேட்டேன்?"

ஓடுகிற பெண்ணுக்கென்று அங்கே ஒரு ஜோடிகூட இல்லை. பையன்கள் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, வளைத்துப் பார்த்து, மாட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓடினேன். டீக்கடையே வேடிக்கை பார்த்தது.

"ஏளா, அப்படியே ஓடிராத!" என்று கத்தினார் அண்ணாச்சி.

அதையே வாங்கினேன். மைதானத்தைக் கிரிக்கெட் பையன்கள் விடுவதில்லை. உப்பள வரப்பில்தான் பயிற்சி. அம்மா ஷூவைத் தூக்கிப் பார்த்து, "கனமே இல்லையே, உப்புக்கல்லு குத்துமேளா" என்றாள்.

குத்தட்டும். கடைசி வளைவில் இழுக்காமல் இருந்தால் போதும்.