பட்டியலில் முதல் விலாசம்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

அந்தச் சொல்லை இன்னும் எழுதலாமா என்று தெரியவில்லை. நீங்கள் இருவரும் பிரிந்து இரண்டு வருடமாகியும் பேனா தானாக அப்படித்தான் எழுதுகிறது.

நலம். போனில் நீ பேசுவது பாதி காற்றோடு போய்விடுகிறது, அதனால் வழக்கம்போலக் காகிதம். நேற்று உன் பெயரில் பார்சல் வந்தது. காதுக் கருவிக்குப் பேட்டரிதான் அனுப்பியிருப்பாய் என்று பிரித்தேன். உள்ளே ஆண்கள் ஷூ. கறுப்பு, அளவு பத்து. காலமெல்லாம் பஸ் ஓட்டி வீங்கிய கால்தான் என்னுடையது. ஆனாலும் ஏழாம் அளவைத் தாண்டியதில்லை.

நேரம் பார்த்து என் மகனும் வந்திருந்தான். "யாருக்குப்பா இது?" என்றான். "எனக்குத்தான், அளவு மாறி வந்துடுச்சு" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். பெட்டி மேல் இருந்த உன் பெயரைப் படித்தான். "அவ இன்னும் அனுப்பறாளா?" என்று மட்டும் கேட்டான். போட்டு வைத்த டீயைத் தொடாமல் கிளம்பிவிட்டான்.

ஷூ யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நான் நினைப்பதுதான் என்றால் எனக்குச் சந்தோஷம். ஆனால் பார்சல்காரர் வந்துதான் எனக்குச் சொல்ல வேண்டுமா? அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுது. பெட்டியைப் பழையபடி ஒட்டி வைத்திருக்கிறேன்.

மாமா

மார்ச் 9

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்துத் தொலைத்தேன். மூக்குக் கண்ணாடி வாங்க வந்த அம்மா ஒருவர், "முதல்ல உன் கண்ணைப் பாரும்மா" என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

போனில் சாமான் வாங்கும் என் கணக்கில் ஐந்து விலாசம் இருக்கிறது. என் அறை, கடை, அம்மா வீடு, உங்கள் வீடு, இப்போது புதிதாக ஒன்று. அதிகம் அனுப்புவது உங்களுக்கு என்பதால் உங்கள் வீடுதான் எப்போதும் முதலில் வந்து நிற்கும். சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் டப்பாவோடு, பார்க்காமல் அமுக்கிவிட்டேன்.

நீங்கள் நினைப்பதுதான். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் கட்டடத்து லிஃப்டில் நான் மாட்டிக்கொண்டபோது, கதவு திறக்கும்வரை வெளியே நின்று என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தவர். அடுத்த மாதம் பதிவுத் திருமணம். உங்கள் மகனோடு சேர்ந்து இருக்க முடியவில்லை என்பதைக்கூட உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அவருடைய அக்கா, "பழைய வீட்டு அட்ரஸ எடுத்துடும்மா, இனிமே அது எதுக்கு?" என்றார். 'நீக்கு' என்பதை அமுக்கினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. போனை மூடி வைத்துவிட்டேன். என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட நீங்கள் வருவீர்களா? அப்பா இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன்.

திருமணத் தேதியும் இடமும், ஷூ போக வேண்டிய விலாசமும் பின்பக்கம்.

அன்புடன்,
நான்

மார்ச் 20

அம்மாடி,

ஷூ அனுப்பியாகிவிட்டது. வந்து சேர்ந்ததா?

என் மகன் மறுபடியும் வந்தான். வந்ததும் வராததுமாக, "அவ அனுப்பறத நிறுத்தச் சொல்லுங்கப்பா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றான்.

"சொல்றேன். நீ ஆரம்பிக்கிறியா?" என்றேன்.

முகம் சுருங்கிப்போயிற்று. கோபித்துக்கொண்டு போவான் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். என் போனை வாங்கி எனக்கென்று தனிக் கணக்குத் திறந்தான். விலாசம் போடும் இடத்தில் பழைய கதவு எண்ணைப் போட்டான். தெருவில் எண் மாற்றி ஒரு வருடமாகிறது, அவனுக்குத் தெரியவில்லை. சொன்னேன். தலை நிமிராமல் அதை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போட்டான். "அவளுக்குத் தெரியுமா?" என்றான். "தெரியும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைக்கு நான் ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லையோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது. வேண்டியதெல்லாம் உன்னிடமிருந்து வந்துகொண்டிருந்தால் அவன் எதற்கு வருவான்? அதனால் என் விலாசத்தை எடுத்துவிடு. உன் நாத்தனார் சொன்னதற்காக இல்லை. நான் சொல்வதற்காக.

சாட்சிக்கு வர மாட்டேன். நீ கேட்டதே எனக்குப் போதும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒரே நாளில் இரண்டு பேருக்கு அப்பாவாக இருக்க எனக்குத் தெம்பு இல்லையம்மா. என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நன்றாக இரு.

மாமா

ஏப்ரல் 22

மாமாவுக்கு,

புது வீட்டிலிருந்து எழுதுகிறேன். பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. அவருக்கு எந்தச் சாமான் எங்கே போக வேண்டும் என்று தெரியாது. கத்தரிக்கோல்கூடக் குளியலறையில்தான் கிடைத்தது.

நீங்கள் சொன்னபடி விலாசத்தை எடுத்துவிட்டேன். இந்தத் தடவை 'நிச்சயமாகவா?' என்றதும் ஆமாம் என்று அமுக்கினேன். அதன் பிறகுதான் ஒன்று புரிந்தது. உங்களுக்கு அனுப்பியது ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு செய்தி வரும். மாமா எழுந்து வந்து கதவைத் திறந்திருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இப்போது அப்படித் தெரிந்துகொள்ள வழி இல்லை. இனி நீங்கள் எழுதினால்தான் உண்டு. எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

பதிவு அலுவலகத்தில் எனக்காகக் கண்ணாடிக் கடை முதலாளி கையெழுத்துப் போட்டார். நான் போட்டு முடித்துப் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கடைசி பெஞ்சில் நீங்கள். இஸ்திரி போட்ட சட்டை. நான் பார்த்தது தெரிந்ததும், பஸ் போய்விடுமே என்பதுபோல எழுந்து கிளம்பிவிட்டீர்கள். மாமா என்று கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு ஓடினேன். கீழே வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தது உங்கள் மகன் என்று பின்னந்தலையைப் பார்த்தே தெரிந்தது. மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. நீங்கள் ஏறி உட்காரும்வரை வண்டி சாயாமல் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லி அனுப்ப முடியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

என் பக்கத்தில் வந்து நின்று, "யாரது?" என்று இவர் கேட்டார்.

"அப்பா" என்றேன்.

என் அப்பா இல்லை என்பது இவருக்குத் தெரியும். வண்டி தெரு முனை திரும்பும்வரை என்னோடு ஜன்னலிலேயே நின்றார்.

அன்புடன்,
நான்