நான் போன் எடுக்காத காரணம்

உசிலம்பட்டி,
ஆனி 9, திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி சோலையம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் பிசைந்த முறுக்கு மாவை அப்படியே போட்டுவிட்டு நாக்பூரில் ரயில் ஏறிவிடுவீர்கள். அதனால் வழக்கமாக எழுதும் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். நம் மகள் நாகஜோதி நலம். ஆடுகள் நலம். உங்கள் அக்கா போன வாரம் வந்து, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டுப் போனார்கள். ஆகவே அவர்களும் நலம்.

அஞ்சாவது வரைக்கும் படித்த கை இது. பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நாகஜோதி தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்தில் உனக்கு என்னடி வேலை என்று விரட்டிவிட்டேன்.

பத்து நாளாக நீங்கள் போன் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அம்மா ஆடு மேய்க்கப் போயிருக்கு, அம்மா குளிக்குது, அம்மா போனில் சார்ஜ் இல்லை என்று நாகஜோதி தன் போனில் உங்களிடம் சொன்னதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பொய். பத்து நாளும் குளிக்கிற அளவுக்கு நம் ஊரில் தண்ணீர் ஏது? என் மேல் கோபமா என்று அவளிடம் கேட்டீர்களாம். கோபம் இல்லை மாமா. வேறு யாரோடும் ஓடிப்போகவும் இல்லை. நாற்பத்தாறு வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு ஓட எவனுக்கு மூட்டு பலமாக இருக்கிறது?

விஷயம் இதுதான். போன் மணி அடித்தால் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. நெஞ்சு, கதிர் அடிக்கும் மெஷின் மாதிரி அடிக்கிறது. உள்ளங்கை வேர்த்து ஒழுகுகிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்கிறது, பார்த்தால் எறும்பு இல்லை. தொண்டையில் என்னவோ அடைத்து நிற்கிறது. கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போல் இருக்கிறது. செத்துவிடுவேன் என்றே தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறேன். இது என்ன கூத்து என்று எனக்கே புரியவில்லை.

முதலில் வந்தது பங்குனியில், சந்தையில். உங்கள் போனை எடுக்கவே முடியாமல் போனது இந்தப் பத்து நாளாகத்தான். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவருடைய போன் நம் போன் மாதிரியே மணி அடித்தது. அப்படியே வெங்காயக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர், ஏத்தா, இது வாய்வு, பூண்டைச் சுட்டுத் தின்னு சரியாப் போகும் என்றார். ஒரு வாரம் தின்றேன். நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை, ஆடுகூடப் பக்கத்தில் வர யோசித்தது.

அடுத்த வீட்டு முனீஸ்வரி, மதினி, இது வாய்வு இல்ல, பயந்த கோளாறு, எங்கனயோ பயந்துருக்கீக என்று கருப்பசாமி கோயில் பூசாரியிடம் கூட்டிப்போனாள். திருநீறு போட்டு, மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டார். நானா பயப்படுகிற ஆள்? உங்கள் மீசையையே பத்தொன்பது வயதில் பார்த்துச் சிரித்தவள்.

பிறகு நாகஜோதி அழுது அடம்பிடித்து, தான் வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் பக்கத்தில், காளவாசலில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனாள். நெஞ்சில் வயரை ஒட்டி, கோடு கோடாகத் தாள் எடுத்தார்கள். ரத்தமும் பார்த்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது, டென்ஷன் ஆகாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். நல்லா இருக்கிற இருதயம் எதுக்கு சார் இம்புட்டு ஆட்டம் போடுது என்று கேட்டேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஒன்று கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். ஒன்றுமே கெடவில்லை, ஆனால் செத்துச் செத்துப் பிழைக்கிறேன் என்றால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அன்று திரும்பி வருகிற பஸ்ஸில்தான் பெரிய கூத்து. நாகஜோதி கடைக்குப் போய்விட்டாள், நான் தனியாக வந்தேன். செக்கானூரணி தாண்டியதும் எனக்கு முன்னால் இருந்தவளின் போன் அடித்தது. எனக்கு மூச்சு உள்ளே போகவே இல்லை. வாயைத் திறக்கிறேன், காற்றைக் காணோம். என்ன செய்வது என்று தெரியாமல், கல்யாண வீட்டில் போடுவதுபோல ஒரு குலவை போட்டுவிட்டேன். வாய்க்கு அதுதான் தெரியும், அது பாட்டுக்குப் போட்டுவிட்டது. நீளமான குலவை. டிரைவர் பிரேக் அடித்துவிட்டார். கண்டக்டர், யண்ணே நிப்பாட்டு, ஆத்தா எறங்கியிருக்கு என்று கத்தினார். ஒரு அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்துவிட்டு, தாயே, என் மகளுக்கு எப்ப வரன் அமையும் என்று கும்பிட்டு நிற்கிறார். நான் என்ன செய்வேன், ஆவணியில என்றேன். உடனே கண்டக்டர் தன் மாறுதலைப் பற்றிக் கேட்டார். அதற்கு வேறு சாமியைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மாமா, குலவை முடிந்தபோது மூச்சு வந்துவிட்டது. நெஞ்சும் இறங்கிவிட்டது. வந்தது சாமியா, போனது வாய்வா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, ஊசி போடும் நர்சம்மா காதுக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டரம்மா ஒருவர் வருவார், கட்டாயம் போங்கள் என்றார். எனக்கு என்ன பைத்தியமா என்று சண்டை போட்டேன். நர்சம்மா உங்களை மாதிரிதான், திட்டினால் சிரிப்பார். போனேன்.

அந்த அம்மா நெஞ்சில் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. எந்த மணி அடித்தால் வருகிறது, அந்த மணி அடித்து எப்போதாவது கெட்ட சேதி வந்ததா என்று மட்டும் கேட்டார். அதுவரை பூசாரிக்கும் முனீஸ்வரிக்கும் விளக்கமாகப் பதில் சொன்ன நான், அங்கே மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாமா, தை மாதம் உங்கள் காலில் எண்ணெய் கொட்டிய அன்று நடந்ததை நான் உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. கூட்டாளிகள் எல்லாம் பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் அங்கே முறுக்குப் பொரித்துக்கொண்டிருந்தீர்கள். பகல் பதினொரு மணிக்கு உங்கள் நம்பரிலிருந்து போன் வந்தது. நான் வழக்கம்போல, என்ன மாமா, முறுக்கு சுத்திச் சுத்தி நீங்களே முறுக்காயிட்டீகளா என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். பேசியது நீங்கள் இல்லை. யாரோ ஒருத்தன் இந்தியில் கத்தினான். எனக்கு விளங்கியது இரண்டே வார்த்தை. மொக்கையன் என்று உங்கள் பேரைச் சொன்னான், ஆஸ்பத்திரி மாதிரி ஒன்று சொன்னான். கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு சாயங்காலம் ஐந்து மணி வரை அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

அந்த ஆறு மணி நேரம் நான் அழவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து உங்கள் போட்டோக்களை எடுத்துப் பரப்பினேன். எதைக் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாமா, ஒன்றுகூட உருப்படி இல்லை. எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருக்கிறீர்கள். இருக்கிறதில் நல்லது என்று ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்துத் தனியாகவும் வைத்துவிட்டேன்.

அப்போது நீங்கள் கூப்பிட்டீர்கள். ஒண்ணுமில்ல புள்ள, லேசா எண்ணெய் பட்டுருச்சு, கட்டுப் போட்டுருக்கு என்றீர்கள். முறுக்கு விக்கலைன்னு காலைப் பொரிச்சீகளா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன், முனீஸ்வரி வந்து அவளும் சிரித்தாள். போட்டோவைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டதை யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிதருக்கு மாலை போடப் போட்டோ பார்த்தவள் நான். அதை எந்த வாயால் உங்களிடம் சொல்வது?

டாக்டரம்மாவிடம் சொன்னேன். உடம்பு ஒரு காவல் நாய் மாதிரி, அன்றைக்குக் குரைத்தது நியாயம், இப்போது நல்ல போனுக்கும் குரைக்கிறது, பழக்கினால் அடங்கும் என்றார். நீங்கள் பிழைத்துக்கொண்டீர்கள், காலும் ஆறிவிட்டது, இரண்டு மாதம் கழித்து எதற்குக் குரைக்க வேண்டும்? எனக்கு இன்னும் பாதிதான் புரிகிறது. வரும்போது செத்துப்போக மாட்டீர்கள், ஏறினது தானாக இறங்கும், அதோடு மல்லுக்கு நிற்காமல் பாதத்தைத் தரையில் அழுத்தி உட்காருங்கள், மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விடுங்கள் என்றார். குலவை விஷயத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அதுவும் மூச்சை நீளமாக விடுவதுதானாம், பஸ்ஸில் மட்டும் வேண்டாமாம். ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். கையில் பூசாரி கயிறும் இருக்கிறது. எது வேலை செய்கிறதோ செய்யட்டும்.

முக்கியமாக, போனை ஒளித்துவைக்கக் கூடாதாம். நான் அதை அரிசி டிரம்முக்குள் போட்டுவைத்திருந்தேன். இப்போது வெளியே எடுத்தாயிற்று. காலையில் கடைக்குக் கிளம்பும் முன் நாகஜோதி வாசலில் நின்று எனக்குப் போன் போடுகிறாள். அவள்தான் என்று கண்ணால் பார்க்கிறேன், அப்படியும் நெஞ்சு ஓடுகிறது. முதல் நாள் கையே போகவில்லை. நேற்று எடுத்து, என்னடி என்றேன். அவள் வாசலில் நின்று அழுகிறாள், கூறு கெட்டவள்.

உங்கள் காலை அவள் போனில் போட்டோவாகக் காட்டினாள். கால் மட்டும்தான் இருந்தது, அது யார் கால் என்று நான் எப்படி நம்புவது? ஆடிக்கு வருவதும் வராததும் உங்கள் தோது.

கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் போனுக்குக் கூப்பிடுங்கள். நான் சாமி கும்பிட்டுவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருப்பேன். முதல் தடவை முழுதாக அடித்து நின்றாலும் கோபப்படாதீர்கள், மறுபடி போடுங்கள். நான் எடுத்ததும் அலோ சொல்ல மாட்டேன், கேலியும் செய்ய மாட்டேன். முதலில் நீங்கள் பேச வேண்டும். அலோ மட்டும் வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் சொல்லுவார்கள். ஏ சோலை என்று கூப்பிடுங்கள். உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான்.

அடுப்புப் பக்கம் நிற்கும்போது கவனம். கருப்பசாமி உங்கள் காலடியில் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
பத்து மணிக்குப் பக்கத்திலேயே இருக்கப்போகும்,
சோலையம்மாள்.